உங்களுக்குத் தெரியுமா? குரலுக்கு என்ன கூலி?

மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு என்று அந்தப் பக்கமும், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் என்று இந்தப் பக்கமும் ரேடியோ கேட்டே வளர்ந்த ஜனம் நாம். யார் குரல் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அந்தக் குரலுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் முழிப்போம். லண்டனிலும் டப்ளினிலும் இதே கேள்வி நாட்டையே உலுக்கியிருக்கிறது. இங்கே ஏன் உலுக்கவில்லை? இந்த வாரத் துணுக்குகள் அதைச் சுற்றித்தான்.

★ ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டினால், சிறு புத்தகம் ஒன்றில் அதற்கென்றே அச்சிட்ட ஸ்டாம்பை ஒட்டித் தேதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். டிவிக்குத் தனி லைசென்ஸ். 1980-களின் நடுவில் இரண்டும் ஒழிந்தன. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாம் பணம் கட்டுவது நிற்கவில்லை, கட்டுகிற வழிதான் மாறியது. இன்று ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் ஆகிற செலவில் பெரும்பங்கு மத்திய அரசு மானியம். அதாவது சோப்பிலும் பிஸ்கட்டிலும் நாம் கட்டும் வரி. தபால் ஆபீஸ் புத்தகம் இருந்தபோதாவது ‘நம்ம காசு’ என்ற நினைப்பு இருந்தது. அது போனதும் கேட்கிற பழக்கமும் போயிற்று.

★ பிரிட்டனில் அந்தப் புத்தகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிவி ஒளிபரப்பைப் பார்க்கும் வீடு ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டியாக வேண்டும். 2017-இல் அது 147 பவுண்டு. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று, புதிய சாசனத்தின் கட்டாயத்தால், 1,50,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் தொகுப்பாளர்கள், நடிகர்கள் பட்டியலை பிபிசி முதன்முறையாக வெளியிட்டது. 96 பேர். முதலிடம் வானொலித் தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ், 22 லட்சம் பவுண்டுக்கு மேல். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாயைத் தாண்டும். கால்பந்து நிகழ்ச்சி நடத்திய கேரி லினேக்கருக்கு ஏறத்தாழ 17.5 லட்சம் பவுண்டு. எவன்ஸ் ஒருவருக்குக் கொடுக்க ஏறக்குறைய 15,000 வீடுகளின் லைசென்ஸ் பணம் வேண்டும். ஊர் கொதித்தது என்றால் ஏன் கொதிக்காது?

பிபிசி சொன்ன சமாதானம் ஒன்றே: நாங்கள் கொடுக்காவிட்டால் தனியார்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். சந்தை விலை. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊருக்கு வரும்போது இது வேறு வேஷம் போடும்.

★ அதே 2017, ஏப்ரல் 30. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு அன்றோடு நின்றது. 1941-இல் தொடங்கி 76 ஆண்டு ஓடியது. சிற்றலையில் கரகரப்போடு வந்து, தோட்டத்து லயங்களிலும் இலங்கை மலைநாட்டிலும் ராத்திரிச் செய்தி சொன்ன குரல். கேட்பவர் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் இணையத்துக்குப் போய்விட்டார்கள் என்பது காரணம். நியாயமும்தான், தமிழ் இணையப் பிரிவைப் பெரிதாக்கினார்கள், புதிய மொழிகளையும் சேர்த்தார்கள். ஆனாலும் தமிழோசை நின்ற மூன்றே மாதத்துக்குள் அந்த 96 பேர் பட்டியல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தமிழ் நேயர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

★ பட்டியல் வந்ததில் பெரிய நட்சத்திரங்களைவிட அதிகம் வெளிச்சத்துக்கு வந்தது ஆண், பெண் வித்தியாசம். 96 பேரில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். பெண்களில் அதிகம் வாங்கியவர் கிளாடியா விங்கிள்மன். ஐந்து லட்சம் பவுண்டைத் தொடவில்லை.

சீனாவில் பிபிசியின் ஆசிரியராக இருந்தவர் கேரி கிரேசி. மாண்டரின் சரளமாகப் பேசுவார். தன்னைப்போல் வேறு நாடுகளில் ஆசிரியராக இருந்த ஆண்கள் தன்னைவிட மிக அதிகம் வாங்குவதைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சம்பளத்தை உயர்த்துகிறோம் என்றார்கள். உயர்வு வேண்டாம், சமம் வேண்டும் என்று சொல்லி 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த மாதமே ஆண் தொகுப்பாளர்கள் ஆறு பேர் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஜூனில் பிபிசி மன்னிப்புக் கேட்டுப் பழைய பாக்கியையும் கொடுத்தது. அவர் அதை முழுக்கப் பெண் உரிமை அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்.

★ இன்னொரு வழக்கு இதைவிட ருசியானது. சமீரா அகமது, ஜெரமி வைன். இருவரும் பிபிசியில் நேயர்களின் கருத்தை எடுத்துப் பேசும் கால் மணி நேர நிகழ்ச்சி ஒவ்வொன்று நடத்தினார்கள். சமீராவுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு, வைனுக்கு 3,000. ஏன் என்று தொழிலாளர் தீர்ப்பாயம் கேட்டது. வைனின் நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் குறும்புப் பார்வை வேண்டும், அது எல்லோருக்கும் வராது என்கிற தோரணையில் பிபிசி பதில் சொன்னது. 2020 ஜனவரியில் தீர்ப்பு சமீரா பக்கம் வந்தது. குறும்புப் பார்வைக்கு 2,560 பவுண்டு கொஞ்சம் அதிகம்தான்.

★ அயர்லாந்தில் நடந்தது சம்பளத்தைவிட மோசமான விவகாரம். அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஈயின் முதல் நட்சத்திரம் ரயன் டப்ரிடி. அவர் சம்பளத்தை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார்கள். 2017-இலிருந்து 2022 வரை, வெளியில் சொன்னதைவிட 3,45,000 யூரோ கூடுதலாகப் போயிருக்கிறது என்று 2023 ஜூனில் அம்பலமானது. அதில் ஒரு பகுதி விளம்பர நேரத்தைப் பண்டமாற்றாகக் கொடுத்துச் சேர்த்த தனிக்கணக்கிலிருந்து. அந்தக் கணக்கைத் தோண்டினால், விருந்து ஒன்றுக்காக வாங்கிய 200 ஜோடி ரப்பர் செருப்புக்கு ஏறத்தாழ 5,000 யூரோ பில்! நாடாளுமன்றக் குழு விசாரணையை மக்கள் மேட்ச் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தலைமை இயக்குநர் பதவி விலகினார். லைசென்ஸ் கட்டுவதை ஏராளமான வீடுகள் நிறுத்தின. அந்த ஆண்டு வருவாய் சுமார் 2 கோடி யூரோ குறைந்தது. புதிதாக வந்த தலைமை இயக்குநர், தன் சம்பளமான 2,50,000 யூரோவுக்கு மேல் இனி அங்கே யாருக்கும் கிடையாது என்றார்.

கவனியுங்கள். அதிகம் கொடுத்ததற்காக ஜனங்கள் அவ்வளவு கோபப்படவில்லை. கொடுத்ததை மறைத்ததற்குத்தான்.

★ ஜப்பானில் இந்தத் தலைவலி குறைவு. அங்கத்திய பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள். சேர்ந்ததும் வெளி மாவட்ட ஸ்டேஷன்களில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் டோக்கியோ. பெயர் பெற்றபின் அதிகப் பணம் வேண்டுமென்றால் வேலையை விட்டுத் தனியாருக்குப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறது நிறுவனம்.

★ இனி நம்ம மலைக்கு வருவோம். இடுக்கியின் தமிழருக்கு இரண்டு பண்பலைகள் பழக்கம். ஒன்று கோடை எஃப்எம், 100.5. இன்னொன்று தொண்ணூறுகளில் வந்த தேவிகுளம் நிலையம், 101.4, மலையாளமும் தமிழும் கலந்து வரும். பண்பலை அலை நேர்கோட்டில் போகிற அலை. உயரத்திலிருந்து விட்டால் வெகுதூரம் போகும், நடுவே ஒரு மலை நின்றால் அங்கேயே நின்றுவிடும். கொடைக்கானல் உச்சியிலிருந்து புறப்படுவது தேனி, மதுரை, திண்டுக்கல் சமவெளியெல்லாம் பரவும். மூணாறில் ஒரு எஸ்டேட்டில் கணீரென்று கேட்கும், அடுத்த எஸ்டேட்டில் இரைச்சல். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவில் பஸ் இறங்கும்போது டிரைவரின் ரேடியோ வளைவுக்கு வளைவு வாயை மூடித் திறப்பதைக் கேட்டிருப்பீர்கள். பாலக்காட்டுப் பக்கம் கதை நேர்மாறு. கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடப்பதால் கோவை நிலையங்கள் தடையில்லாமல் உள்ளே வருகின்றன. சித்தூர் தாலுகாவில் விவித் பாரதி என்றால் பலருக்குக் கோவைதான்.

★ அந்த மைக்குக்கு முன்னால் இருப்பவர் யார்? பெரும்பாலும் ‘கேஷுவல்’. நிரந்தர அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, அந்த இடங்கள் பெரும்பாலும் நிரப்பப்படாமலே போக, நாடு முழுக்க ஆகாசவாணியின் அன்றாட ஒலிபரப்பு தற்காலிக அறிவிப்பாளர் தோளில்தான் நிற்கிறது. குரல் தேர்வு, எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டு. தேறினால் பட்டியலில் பெயர். பிறகு மாதத்துக்கு இத்தனை டியூட்டி என்று புக்கிங். நெடுங்காலமாக உள்ள வழக்கம், ஒருவருக்கு மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் போகக்கூடாது என்பது. மாதச் சம்பளம் கிடையாது, டியூட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆறு நாளுக்கு மேல் கொடுத்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள் என்ற பயம் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று கேஷுவல்கள் சொல்வார்கள். போகவும் போயிருக்கிறார்கள், பல ஊர்களிலிருந்து.

ஒரு டியூட்டி என்றால் என்னவென்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. காலை ஒலிபரப்பு என்றால் விடிவதற்கு முன்பே ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். கியூ ஷீட்டைச் சரிபார்க்கணும். எந்தப் பாட்டு, எந்த உரை, எத்தனை நிமிஷம், எத்தனை நொடி. சிவப்பு விளக்கு எரிந்தபின் இருமல்கூட ஒலிபரப்பு. டெல்லிச் செய்திக்கு நொடி தப்பாமல் கைமாற்ற வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டைப் போட வேண்டும். எது தப்பினாலும் லாக் புக்கில் எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கம்பத்திலிருந்தோ பூப்பாறையிலிருந்தோ போன் போடும் நேயரிடம் ‘வணக்கம்ங்க, சாப்டீங்களா’ என்று சிரித்த குரலில் பேச வேண்டும். மாதத்தின் மீதி இருபத்து நாலு நாள் பிழைப்புக்கு டியூஷன், கடை, இன்சூரன்ஸ், கல்யாண மேடைத் தொகுப்பு என்று ஏதாவது ஒன்று.

★ 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர் போனது. மின்சாரமும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் விடிந்தது. பேட்டரியில் ஓடும் ரேடியோ என்பது மலையில் பழங்காலச் சமாசாரம் இல்லை. மழைக்காலத்தில் இங்கே எந்நேரமும் மைக்கில் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டியது அவசியம். மாதத்துக்கு ஆறு டியூட்டி என்று வைத்துக்கொண்டு எந்த அனுபவத்தை வளர்ப்பது?

★ சந்தை விலை என்று பிபிசி சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை ஒரு வார்த்தையும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். கோவையில் சூரியன், மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று இத்தனை இருந்தும், வானொலியில் செய்தி வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு வேலை கொடுக்க முடிந்த இடம் நாட்டிலேயே ஒன்றுதான். வாங்குபவர் ஒருவரே என்றால் விலை யார் சொன்னதாக இருக்கும்? ஏலக்காய் விவசாயியிடம் கேளுங்கள், புற்றடியில் ஏலத்துக்கு ஒரே ஒரு வியாபாரி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று.

வட்டாரச் செய்திப் பிரிவுகளில் வாசிப்பவர் வெறும் வாசிப்பவரும் இல்லை. செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர் என்றே பதவிப் பெயர். ஆங்கிலத்தில் வருவதைக் கடிகாரத்தைப் பார்த்தபடி தமிழாக்கி, மை காயும் முன் அவரே வாசிக்க வேண்டும். இங்கேயும் கேஷுவல்கள் உண்டு.

★ எல்லையோர வீடுகளுக்கு மட்டும் அந்நாளில் கிடைத்த ஒரு பாக்கியம்: டெல்லியிலிருந்து காலை 7.15-க்குத் தமிழ்ச் செய்தி, 7.25-க்கு மலையாளச் செய்தி. பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு மொழியிலும் உலகம் வந்துவிடும். தமிழில் பூர்ணம் விஸ்வநாதன் முதல் சரோஜ் நாராயணஸ்வாமி வரை; மலையாளத்தில் கோபன். திருவனந்தபுரத்திலிருந்து ‘கௌதுக வார்த்தகள்’ வாசித்த ராமச்சந்திரன். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பிற்பாடு சினிமாவில் அப்பா, தாத்தா வேஷத்தில் பார்த்தோம். ராமச்சந்திரன் கேரள மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ரேடியோவுக்கு வந்தவர். 2024 அக்டோபரில் காலமானார். 2022 ஆகஸ்டில் சரோஜ் நாராயணஸ்வாமி மறைந்தபோது, அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் சொந்தத்தில் ஒருவர் போனதுபோல் பேசிக்கொண்டார்கள். கோபனுக்கோ ஓய்வுக்குப் பிறகுதான் தியேட்டர் முழுக்கப் புகழ். படம் தொடங்குமுன் வரும் புகையிலை எச்சரிக்கைக்குக் குரல் கொடுத்தவர் அவர்.

ஜனங்கள் கணக்கில் இவர்கள் நட்சத்திரம். சம்பளப் பதிவேட்டில் ஊழியர்.

★ ஊழியர் என்ற பெயரே சும்மா கிடைக்கவில்லை. ஆரம்ப காலத்தில் அறிவிப்பாளர்கள், வாத்தியக்காரர்கள், தயாரிப்பாளர்கள் எல்லாம் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’. ஒப்பந்தம்தான், வாங்குவதும் சம்பளம் இல்லை, ‘ஃபீஸ்’. எண்பதுகளில்தான் அவர்கள் அரசு ஊழியராக மாற வழி பிறந்தது. 1988-இல் ஒய்.கே. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், தூர்தர்ஷனின் ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு ஃபிலிம்ஸ் டிவிஷனில் அதே வேலை செய்பவர்களுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சமீரா அகமதுக்கு 32 ஆண்டு முன்பே! ஒரு தலைமுறை போராடி ஃபீஸைச் சம்பளமாக்கியது. அடுத்த தலைமுறை வந்தபோது கேஷுவல் என்ற பெயரில் ஃபீஸ் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

★ பாலக்காட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஆகாசவாணியில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் கிரேடு உண்டு. பி, பி-ஹை, ஏ, டாப். மிருதங்கக்காரர் ஊர்த் திருவிழா நோட்டீசிலேயே ‘ஏ கிரேடு’ என்று போட்டுக்கொள்வார். ஏறுவதற்குப் படி இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் கட்டணம் இருக்கிறது. இருபது ஆண்டு கேஷுவலாகப் பேசியவருக்கும் போன மாதம் தேறியவருக்கும் இடையே அப்படி ஒரு படிகூட இல்லை. நாலு வார்த்தை நல்ல தமிழில் தடுக்காமல் பேசுவது கலையில் சேர்த்தி இல்லையா?

★ வாரம் 25 ரூபாய். இந்தியாவின் மிகப் பெரிய வானொலி நட்சத்திரம் அமீன் சயானி, 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’வைத் தொடங்கியபோது வாங்கியது. எழுதுவது, பேசுவது, வருகிற கடிதத்தைப் பிரிப்பது எல்லாம் சேர்த்து. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்து குவிந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சினிமாப் பாட்டு மட்டம் என்று அன்றைய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியில் அதை ஒதுக்கிவைத்த காலம். நேயர்கள் கூட்டமாக ரேடியோவைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். தமிழிலும் இதே கதை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அங்கிருந்து வந்த குரல்கள்தான் நம்ம மலைத் தோட்டங்களின் சாயங்காலம். 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி பிறந்ததே போன நேயரைத் திரும்பப் பிடிக்கத்தான். சம்பளம் மட்டும் அன்று நட்சத்திரத்தை உண்டாக்கவில்லை. பேசவிட்டதுதான் உண்டாக்கியது.

★ 2015 செப்டம்பர். மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், யூனியன் தலைவர்களை ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வந்தது. 20 சதவீத போனசும் நாளுக்கு 500 ரூபாய்க் கூலியும் கேட்டார்கள். போனஸ் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த கூலி 301 ஆனது. இந்த 232-உம் 301-உம் கேரளத்தில் ஒவ்வொரு சானலிலும் நாள் முழுக்க ஓடின. எத்தனை கிலோ பறித்தால் எவ்வளவு என்பதுவரை விவாதம். கொழுந்து கிள்ளுபவளின் கூலி ஊருக்கெல்லாம் மனப்பாடம். அந்தச் செய்தியை வாசித்தவரின் கூலி? அரசு நிலையத்தில் வாசித்தவருக்கானதும் அதே ஜனங்களின் காசுதான், ஆனால் எந்த விவாதத்திலும் அது வரவில்லை.

★ தூர்தர்ஷனும் நட்சத்திரம் பிடிக்கப் புறப்பட்டிருக்கிறது. 2025 மே மாதம் டிடி நியூஸில் தொகுப்பாளர் சுதீர் சௌத்ரியின் ‘டிகோட்’ நிகழ்ச்சி தொடங்கியது. இதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று ஊடகங்களில் செய்தி வந்தது. ஒரு நிகழ்ச்சிக்கான ஒப்பந்தத்தை ஒருவருடைய சம்பளத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது, சரி. இருந்தாலும் பழைய ரேடியோ லைசென்ஸ் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 15 ரூபாய் வீதம் ஒரு கோடி வீடுகள் கட்டிய காசு. அரசு நிறுவனம் பெரிய பெயரை விலைக்கு வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க ஆளில்லாத சானல் யாருக்குச் சேவை? ஆனால் வாங்கும்போது, எந்த விலைக்கு, எதை அளந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பிபிசியில்போல் ஆண்டறிக்கையில் பெயரோடு வர வேண்டும். தனியார் பாணியில் விலை பேசிவிட்டு, அரசு பாணியில் ஃபைலை மூடி வைப்பது இரண்டும் கெட்டான் வேலை. அத்தோடு, உச்சியில் ஒரு பெயருக்குக் கோடிக்கணக்கில் கையெழுத்துப் போடுமுன் ஆறு டியூட்டிக்காரருக்கு ஒரு படி கட்டிக்கொடுத்துவிட்டு வரட்டும்.

(பிபிசியும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அதன் வணிகப் பிரிவோ வெளித் தயாரிப்பு நிறுவனமோ வழியாகப் பணம் வாங்கும் நட்சத்திரங்கள் பட்டியலில் வருவதே இல்லை.)

★ ஆகாசவாணிக்கு விளம்பரம் கொண்டுவந்த ஒரு தொகுப்பாளர் சம்பளப் பட்டியலிலேயே இல்லை. 2014 அக்டோபர் 3-இல் தொடங்கிய ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியால் 34.13 கோடி ரூபாய் வருவாய் கிடைத்ததாக மத்திய அரசு 2025 ஆகஸ்டில் மாநிலங்களவையில் சொன்னது. பிரதமர் வேலைக்குத் தனிச் சம்பளம் இருப்பதால் இந்த மாடலை மற்ற நிலையங்கள் பின்பற்றுவது கஷ்டம்.

★ 2023 ஜனவரியில், ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்காக மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 2,539 கோடி ரூபாய். டிரான்ஸ்மிட்டர், ஸ்டுடியோ, எச்டி கருவிகளுக்கு. நல்ல விஷயம். கருவிக்குத் திட்டம் வந்துவிட்டது.

★ சம்பளம் ஏறாமலேயே நட்சத்திரமானவர்கள் கேரள அரசிடமே உண்டு. 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்விச் சானல், 2020 ஜூன் 1 அன்று, கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது, ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன கோழிக்கோட்டுப் பக்கத்து ஆசிரியை ஒருவரை முதல் நாள் கேலி செய்தவர்கள் இரண்டாம் நாள் கொண்டாடினார்கள். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் வந்தன. பாலக்காட்டிலிருந்து யூடியூபில் ஏறின. மைக்கும் மேக்கப்பும் பழக்கமில்லாத வாத்தியார்கள் கேமராவைப் பார்த்து வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் பிறந்தால் வழக்கமான பள்ளிச் சம்பளம். அது எவ்வளவு என்று அரசாணை பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

★ கடைசியாக, உபயோகமான ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4(1)(பி) பிரிவு, அரசு அமைப்பு ஒவ்வொன்றும் தன் அதிகாரிகள், ஊழியர்கள் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. பிரசார் பாரதியும் அதில் அடக்கம். சம்பளக்காரர் கணக்கு அதில் வரும். ஒப்பந்தக்காரரும் கேஷுவலும்தான் சந்தில் விழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய்; பழைய லைசென்சைவிட 5 ரூபாய் குறைவு. மனுவை ஆங்கிலத்தில், இந்தியில், அல்லது மனுப் போடும் இடத்தின் ஆட்சிமொழியில் எழுதலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரள அரசு அலுவலகங்களுக்கு நாம் தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஆகாசவாணியோ மத்திய அரசுடையது. ஆகவே தேவிகுளத்திலிருந்து போடுவதானால் மலையாளத்தில் எழுதிவிடுவது வம்பில்லாதது. தமிழில்தான் எழுதுவேன் என்பவர் போடிக்கு இறங்கிப் போய் அங்கே தபாலில் சேர்க்கலாம். பஸ் காசு தனி.